சிறு வாதத்தில் முதன்மை முடிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: "அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எல்சாட் தேர்வுக்குப் படிக்கிறேன். நாலைந்து வரியில் ஒரு வாதத்தைக் கொடுத்து, இதன் முதன்மை முடிவு எது என்று கேட்கிறார்கள். ஐந்து விடைகளில் மூன்றைச் சுலபமாக ஒதுக்கிவிடுகிறேன். மிஞ்சும் இரண்டில் பெரும்பாலும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். 'ஆகவே' என்று தொடங்கும் வரியைத்தான் எடுக்கிறேன், அதுவும் தப்பாகிறது. எங்கே பிசகுகிறது?"

பிசகு நீங்களே சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. 'ஆகவே' என்ற சொல், தனக்குப் பின்னால் ஒரு முடிவு வருகிறது என்பதை மட்டுமே காட்டும். அது முதன்மை முடிவா, அதற்குப் போகும் வழியில் வரும் இன்னொரு முடிவா என்பதை அது சொல்லாது. கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் இடைவழி முடிவுக்கு முன்னால் ஒரு 'ஆகவே'யைப் போட்டுவிட்டு, உண்மையான முடிவை எந்த அடையாளமும் இல்லாமல் முதல் வரியிலோ நடுவிலோ வைத்துவிடுவார்கள்.

ஒருவர் ஒரு கருத்தை நாம் ஏற்க வேண்டும் என்பதற்காக வேறு சில செய்திகளைக் காரணமாகத் தருகிறார். அந்தக் கருத்து முடிவு. அந்தச் செய்திகள் ஆதாரங்கள். (இலங்கையில் உயர்தரத்தில் அளவையியல் படித்தவர்கள் எடுகூற்று, முடிவுக்கூற்று என்று பழகியிருப்பார்கள்.) ஒரு கூற்றுக்கு வாதத்துக்குள்ளேயே ஆதாரமும் இருந்து, அந்தக் கூற்று வேறொன்றுக்கு ஆதாரமாகவும் நின்றால், அது இடைமுடிவு. மற்றவை எல்லாம் தன்னைத் தாங்க, தான் எதையும் தாங்காமல் நிற்பது முதன்மை முடிவு. இந்த விளக்கத்தில் முதல் வரி, கடைசி வரி என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். எது பெரிய செய்தி, எது பரபரப்பானது என்பதற்கும் இதில் இடமில்லை. எது எதைத் தாங்குகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

ஓர் எளிய வாதம்:

"ஊரணியைத் தூர்வாரும் வேலையை மழைக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். வண்டல் படிந்து ஊரணியின் ஆழம் குறைந்துவிட்டது. ஆகவே ஒரு நல்ல மழையிலேயே அது நிரம்பி வழிந்துவிடும். வழிந்தோடும் நீர் கோடையில் நமக்குப் பயன்படாது."

'ஆகவே'யைத் தேடுகிறவர் "ஒரு நல்ல மழையிலேயே நிரம்பி வழிந்துவிடும்" என்பதைத் தேர்ந்தெடுப்பார். அது முடிவுதான், ஆழம் குறைந்துவிட்டது என்பதிலிருந்து பெறப்பட்டது. ஆனால் பேசுகிறவர் அதோடு நிற்கவில்லை. நிரம்பி வழியும் என்று சொல்வதே தூர்வாரச் சொல்வதற்காகத்தான். முதல் வரிதான் முதன்மை முடிவு.

இதைச் சோதிக்க ஒவ்வொரு வாக்கியத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" மற்றொன்று, "சரி, அதனால் என்ன?" விடை அந்த நாலு வரிக்குள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. "ஆழம் குறைந்துவிட்டது" என்பதிடம் 'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் இல்லை. வண்டல் படிந்தது என்பது ஆழம் எப்படிக் குறைந்தது என்று சொல்கிறதே தவிர, குறைந்துவிட்டது என்று நம்மை நம்பவைக்கச் சொன்னதல்ல. அதே வாக்கியத்திடம் 'அதனால் என்ன' என்றால் பதில் இருக்கிறது: சீக்கிரம் நிரம்பி வழியும். எனவே அது ஆதாரம். "நிரம்பி வழிந்துவிடும்" என்பதற்கு இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. எனவே அது இடைமுடிவு. "தூர்வாரி முடிக்க வேண்டும்" என்பதற்கு 'ஏன்' என்றால் மற்ற எல்லா வரியும் சேர்ந்து பதில் சொல்கிறது; 'அதனால் என்ன' என்றால் வாதத்துக்குள் பதிலே இல்லை. அங்கே நின்றுவிடலாம்.

இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போது இன்னொரு சோதனை இன்னும் வேகமாக வேலை செய்யும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நடுவே 'ஆகவே' போட்டுப் படியுங்கள். பிறகு இடம் மாற்றிப் படியுங்கள். "நிரம்பி வழிந்துவிடும், ஆகவே தூர்வார வேண்டும்" என்பது பொருந்துகிறது. "தூர்வார வேண்டும், ஆகவே நிரம்பி வழிந்துவிடும்" என்பது அபத்தம். பொருந்துகிற வரிசையில் பின்னால் நிற்பதுதான் முதன்மை முடிவு. நீங்கள் கேட்ட "மிஞ்சும் இரண்டு" விடைகளில் ஒன்று இடைமுடிவாக இருந்தால், இந்த ஒரு சோதனையே போதும்.

முடிவு முதலில் வருவது நமக்கு ஏன் நழுவுகிறது என்று யோசித்தால், தமிழ் வாக்கியத்தின் பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மழை பெய்ததால் வரவில்லை என்போம். காரணம் முன்னே, சொல்ல வந்தது பின்னே. ஆங்கிலத்தில் எழுதப்படும் தேர்வு வாதங்களில் சொல்ல வந்ததை முதலில் வீசிவிட்டு, பிறகு காரணங்களை அடுக்குவது மிகச் சாதாரணம். ஆனால் தமிழில் தருக்கம் பேசிய மரபுக்கு இந்த வரிசை புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தின், அதாவது தெரிந்ததிலிருந்து தெரியாததை அறியும் முறையின், உறுப்புகளைக் கற்றுத்தருகிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது உபநயம். நிறுவ வேண்டியதை முதலிலேயே பக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் நிகமனமாக மறுபடி அதற்கே வந்து சேருகிறார்கள். அந்த ஐந்து உறுப்பையும் மனத்தில் வைத்திருப்பவர் முதல் வரியை வெறும் முன்னுரை என்று தாண்டிப் போக மாட்டார்.

இனி உண்மையில் நடந்த ஒரு வாதத்தைப் பார்ப்போம். இடைமுடிவும் முதன்மை முடிவும் எப்படி இடம் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன்.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்பது அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதை ஏற்கவில்லை. இறந்தவர்களின் வீடு வீடாக விசாரித்தார். சாவுகள் பிராட் தெருவில் இருந்த அடிபம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. பக்கத்தில் போலந்து தெருவில் ஓர் ஏழையர் விடுதி. அங்கே 535 பேர் இருந்தும் இறந்தவர்கள் ஐந்தே பேர். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவரும் காலராவில் சாகவில்லை. ஆலையில் கிடைத்த பீரைக் குடித்ததால் அவர்கள் அந்தப் பம்புக்கே போவதில்லை என்றார் முதலாளி. இதற்கு நேர் எதிராக, தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை காலராவில் இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், தினமும் அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர்.

இந்தச் செய்திகளை வைத்து நான் இரண்டு சிறு வாதங்கள் எழுதுகிறேன்.

முதல் வாதம்: "காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்கிறார்கள். ஆனால் அதே தெருவின் காற்றைச் சுவாசித்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை, அவர்களில் ஒருவரும் சாகவில்லை. அந்தக் காற்றே படாத ஹாம்ப்ஸ்டெட் பெண் பம்புத் தண்ணீரைக் குடித்தார், இறந்தார். எனவே சோஹோவில் நோய்க்கு மூலம் அந்தப் பம்பின் நீர்தான். காலரா தண்ணீர் வழியாகப் பரவும் நோய் என்றே கொள்ள வேண்டும்."

இரண்டாம் வாதம்: முதல் நான்கு வாக்கியங்களும் அப்படியே. கடைசி வரி மட்டும், "பம்பின் கைப்பிடியை உடனே கழற்றிவிட வேண்டும்."

ஆதாரம் ஒன்றே. "சோஹோவில் நோய்க்கு மூலம் அந்தப் பம்பின் நீர்தான்" என்பது இரண்டிலும் இருக்கிறது, இரண்டிலும் அதற்கு முன்னால் 'எனவே' வருகிறது, இரண்டிலும் அது இடைமுடிவு. முதன்மை முடிவு முதலாவதில் ஒரு மருத்துவக் கொள்கை. இரண்டாவதில் ஒரு வேலை. அந்த நடு வரியோடு வாதத்தை நிறுத்தியிருந்தால் அதுவே முதன்மை முடிவாகியிருக்கும். ஒரு வாக்கியத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அது முதன்மை முடிவா என்று கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த வாதத்தில் அது என்ன வேலை செய்கிறது என்றுதான் கேட்க முடியும்.

வரலாற்றிலும் இரண்டும் நடந்தன. செப்டம்பர் 7 அன்று அந்தப் பகுதியின் நிர்வாகக் குழுவின் முன் ஸ்னோ பேசினார். மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தக் குழு காலராவைப் பற்றிய அவருடைய கொள்கையை முழுக்க ஏற்க வேண்டிய தேவை அப்போது இல்லை, பம்பைப் பற்றி நம்பினால் போதும். 1855-இல் விரிவாக்கி வெளியிட்ட நூலில் அதே சோஹோ செய்திகள், காலரா தண்ணீர் வழிப் பரவுவது என்ற பெரிய முடிவுக்கு ஆதாரங்களில் ஒன்றாக மாறின. கைப்பிடி கழற்றப்படும் முன்பே சாவுகள் குறையத் தொடங்கியிருந்தன என்பதையும் அவரே அதில் எழுதியிருக்கிறார். கைப்பிடியைக் கழற்றியது பலன் தந்ததா என்ற கேள்வி அதனால் இன்றும் விவாதிக்கப்படுகிறது. பம்பைப் பற்றிய இடைமுடிவை அது அசைக்கவில்லை. ஒரு வாதத்தின் எந்தப் படியை நாம் தாக்குகிறோம் என்று தெரிந்திருப்பதன் பயன் இது.

அந்த முதல் வாதத்தின் தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். "காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்கிறார்கள்." இது வாதிடுபவரின் கருத்தல்ல, அவர் மறுக்கப்போகும் கருத்து. 'சிலர் சொல்வதுபோல', 'பொதுவாக நம்பப்படுவது', 'விமர்சகர்கள் கூறுவது' என்று ஒரு வாதம் தொடங்கினால், அடுத்து ஓர் 'ஆனால்' வருகிறது என்று எதிர்பாருங்கள். முதன்மை முடிவு அந்த மறுப்பாகவே இருப்பது மிக அதிகம். சில வாதங்களில் அது இரண்டே சொல்லில் முடிந்துவிடும்: "அது தவறு." அப்போது 'அது' எதைக் குறிக்கிறது என்று முந்தைய வரியிலிருந்து எடுத்து நிரப்பி, முழு வாக்கியமாக்கிக்கொள்ள வேண்டும். விடையில் அந்த முழு வாக்கியம்தான் இருக்கும்.

மறுப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்த வாதத்தைப் பாருங்கள்: "பள்ளியில் கைபேசியைத் தடைசெய்தால் மதிப்பெண் உயரும் என்று சிலர் சொல்கிறார்கள், தடை வந்த பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்ததை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த ஆதாரம் போதாது. அந்தப் பள்ளிகளில் அதே ஆண்டில் கூடுதல் ஆசிரியர்களும் நியமிக்கப்பட்டார்கள்." இதன் முடிவு என்ன? தடையால் மதிப்பெண் உயராது என்பதா? இல்லை. பேசுகிறவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தடையால் உயர்ந்திருக்கவும் கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. இந்த ஆதாரம் அதை நிறுவப் போதாது என்பதோடு நிற்கிறார். விடைகளில் "கைபேசித் தடையால் மதிப்பெண் உயர்வதில்லை" என்று ஒன்று கட்டாயம் இருக்கும், அவசரத்தில் அதுதான் கண்ணில் படும். ஒரு கருத்துக்குத் தரப்பட்ட சான்று பலவீனம் என்பது ஒன்று. அந்தக் கருத்தே பொய் என்பது முற்றிலும் வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் எல்சாட் முழுவதிலும் அது உதவும். தேர்வுக்கு வெளியே, செய்தி படிக்கும்போது இன்னும் அதிகமாக உதவும்.

இதே தவறு சிறு சொற்களிலும் வரும். வாதத்தில் "குறைக்கலாம்" என்றிருக்கும், விடையில் "குறைக்கும்" என்றிருக்கும். "பெரும்பாலான" என்பது "எல்லா" ஆகியிருக்கும். "இதுவும் ஒரு காரணம்" என்பது "இதுதான் காரணம்" ஆகியிருக்கும். முடிவைச் சரியாக அடையாளம் கண்ட பிறகும் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது, விளக்கம் தரும் வாதங்கள். "1816-இல் மேற்கு ஐரோப்பாவில் கோடையிலும் குளிர் விடவில்லை, பயிர்கள் அழிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அப்படிப்பட்ட வெடிப்புகள் கந்தகத் துகள்களை மேல் வளிமண்டலத்துக்கு அனுப்பும். அவை சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கும். 1816-இன் குளிருக்கு முக்கியக் காரணம் அந்த வெடிப்பாகவே இருக்க வேண்டும்." இதில் மனத்தில் தங்குவது கோடையில்லாமல் போன ஆண்டு. அதனாலேயே அதை முடிவு என்று எடுப்பவர்கள் உண்டு. ஆனால் 1816 குளிராக இருந்தது என்பதை இங்கே யாரும் நிறுவ முயலவில்லை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தியாகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குளிருக்கும் எரிமலைக்கும் இடையிலான தொடர்புதான் முடிவு. 'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்' என்ற கேள்வியைக் கவனமாகக் கேட்டால் இது பிடிபடும்: குளிர் ஏன் வந்தது என்பதற்கு வாதத்தில் பதில் இருக்கிறது, குளிர் இருந்தது என்று ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு இல்லை. ஒன்று எப்படி நேர்ந்தது என்பதும், அதை ஏன் நம்ப வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். ஊரணியில் வண்டலைப் பற்றிச் சொன்னதும் இதுதான்.

சலுகையாக ஒப்புக்கொள்ளும் வரிகளும் உண்டு: "இது செலவு பிடிக்கும்தான், என்றாலும்..." 'என்றாலும்' என்பதற்கு முன்னால் உள்ளதை விட்டுவிட்டு, பின்னால் உள்ளதைப் பாருங்கள். கேள்வி வடிவில் வரும் முடிவும் உண்டு: "இப்படிப்பட்ட பாலத்தை யார் நம்புவார்கள்?" என்றால் பாலம் நம்பத்தக்கதல்ல என்பதுதான் முடிவு.

இப்போது முழுத் தேர்வுக் கேள்வி போல ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் எங்கும் 'ஆகவே' இல்லை, 'ஏனெனில்' இல்லை.

"தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியதில் நகராட்சிக்கு மின்கட்டணம் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தைப் புதிய கம்பங்கள் நடுவதைவிட, இருக்கும் விளக்குகளைப் பழுதுபார்க்கச் செலவிடுவதே மக்களுக்குக் கூடுதல் பயன் தரும். இருளாகக் கிடக்கும் தெருக்களில் பெரும்பாலானவற்றில் கம்பம் ஏற்கெனவே இருக்கிறது, விளக்குதான் எரியவில்லை. ஒரு புதிய கம்பம் நடும் செலவில் பல விளக்குகளைப் பழுதுபார்த்துவிடலாம். பழுதுபார்த்தால் அதே பணத்தில் கூடுதல் தெருக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்."

விடைகள்:

அ. எல்.இ.டி. விளக்குகளால் நகராட்சியின் மின்கட்டணம் குறைந்துள்ளது.
ஆ. பழுதுபார்க்கும் வேலையில் பணம் போட்டால் அதே தொகையில் கூடுதல் தெருக்கள் வெளிச்சம் பெறும்.
இ. மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைக் கம்பம் நடுவதற்குச் செலவிடுவதைவிடப் பழுதுபார்க்கச் செலவிடுவது மக்களுக்கு அதிகப் பயனுள்ளது.
ஈ. நகராட்சி இனிப் புதிய கம்பங்களை நடக் கூடாது.
உ. தெருவிளக்குகளைப் பராமரிப்பதில் நகராட்சி அக்கறை காட்டவில்லை.

'அ' வாதம் தொடங்குவதற்கான பின்னணி. பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது, அவ்வளவுதான். 'உ' நமக்கே தோன்றக்கூடியது: இத்தனை விளக்கு எரியவில்லை என்றால் யார் பொறுப்பு என்ற கோபம் நியாயமானது. ஆனால் பேசுகிறவர் அதைச் சொல்லவில்லை. இந்த வகைக் கேள்வியில் முடிவு வாதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நாம் ஊகித்துச் சேர்க்க வேண்டியதில்லை. ஊகித்துச் சொல்லச் சொல்லும் கேள்விகள் தனி, அவை 'மேற்கண்டவற்றிலிருந்து எதைப் பெற முடியும்' என்ற போக்கில் கேட்கப்படும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் 'உ'வைத் தேர்ந்தெடுப்பார்கள். 'ஈ' எல்லை மீறுகிறது. மிச்சமாகும் ஒரு தொகையைப் பற்றிய ஒப்பீட்டை, இனி எப்போதும் கம்பமே நடக் கூடாது என்ற தடையாக்கிவிட்டது. வேறு பணத்தில் கம்பம் நடுவதைப் பற்றி வாதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மிஞ்சுவது 'ஆ'வும் 'இ'யும். நீங்கள் சொன்ன அதே நெருக்கடி. 'ஆ' கடைசி வரியாக வேறு இருக்கிறது, கேட்கவும் முடிவு போலத்தான் ஒலிக்கிறது. சொல்லப்போனால் அது முடிவேதான்: கம்பம் ஏற்கெனவே இருக்கிறது, பழுதுபார்க்கும் செலவு குறைவு என்ற இரண்டு செய்திகளிலிருந்து பெறப்பட்டது. இனி இடம் மாற்றிப் படியுங்கள். "அதே பணத்தில் கூடுதல் தெருக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும், ஆகவே பழுதுபார்க்கச் செலவிடுவதே மக்களுக்குக் கூடுதல் பயன் தரும்." சரியாக ஓடுகிறது. "பழுதுபார்க்கச் செலவிடுவதே மக்களுக்குக் கூடுதல் பயன் தரும், ஆகவே அதே பணத்தில் கூடுதல் தெருக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்." ஓடவில்லை, பயன் என்பதே வெளிச்சத்தால் வருவது. விடை 'இ'. வாதத்தின் இரண்டாவது வரி, எந்த அடையாளமும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்திருந்தது.

பழகும்போது விடைகளை மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். வாதத்தைப் படித்து, அதன் முடிவை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. "இவர் என்னை எதை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்?" என்று கேட்டால் அந்த வாக்கியம் வரும். அதை எழுதிய பிறகே விடைகளைத் திறவுங்கள். எழுதாமல் திறந்தால் ஐந்து விடைகளும் ஐந்து பக்கம் இழுக்கும், அவற்றில் நான்கு இழுப்பதற்கென்றே எழுதப்பட்டவை. கொஞ்ச நாளில் கையால் எழுதத் தேவை இருக்காது, மனத்திலேயே வாக்கியம் வந்துவிடும். நாளிதழ்களில் வரும் ஆசிரியருக்குக் கடிதங்களும் நல்ல பயிற்சி. அளவில் சிறியவை, பெரும்பாலும் ஒரே ஒரு கோரிக்கையோ மறுப்போ இருக்கும், அடையாளச் சொற்கள் ஒழுங்காக இருக்காது.

எல்சாட்டில் முதன்மை முடிவை நேராகக் கேட்கும் கேள்விகள் சிலவே. அதற்காக இதைக் குறைத்து மதிக்க வேண்டாம். வாதத்தை வலுப்படுத்துவது எது, பலவீனப்படுத்துவது எது, சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொண்டது எது, தவறு எங்கே என்று கேட்கும் எல்லாக் கேள்விக்கும் முடிவைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. முடிவைத் தவறாக எடுத்தால் பிறகு செய்வதெல்லாம் வேறொரு வாதத்துக்குச் செய்ததாகிவிடும். ஒரு குறிப்பிட்ட வாக்கியம் வாதத்தில் என்ன பங்கு வகிக்கிறது என்று கேட்பதும் உண்டு. அங்கே இடைமுடிவை அடையாளம் காண்பதே விடையாக அமையலாம். 2024 ஆகஸ்ட் முதல் தருக்கப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, இத்தகைய சிறு வாதங்கள் வரும் தருக்க வாதப் பகுதியில் மதிப்பெண் கணக்கில் சேர்வதை இரண்டாக்கிவிட்டார்கள். 35 நிமிடத்தில் இருபத்தைந்து கேள்வி அளவில் ஒவ்வொன்றும். எனவே இந்தத் திறனின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இந்தியாவில் சட்டப் படிப்பில் சேர எழுதும் கிளாட் தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பத்திகள் 450 சொல் வரை நீளும். பத்திக்குள் பல சிறு வாதங்கள் இருக்கலாம். ஒவ்வொரு சிறு வாதத்தின் முடிவையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அந்த முடிவுகளுக்கு நடுவே 'ஆகவே' சோதனையைச் செய்யுங்கள். முறை அதேதான். ஒன்றிய அரசுப் பணித் தேர்வின் சிசாட் என்னும் திறனறித் தாளில் பத்தியின் சாரம் எது என்று கேட்பார்கள். சில பத்திகள் எதையும் நிறுவ முயலாமல் ஒரு நிலைமையை விவரிப்பதோடு நின்றுவிடும், அங்கே 'எது எதைத் தாங்குகிறது' என்று தேடிக்கொண்டிருக்காமல் பத்தி முழுவதையும் தழுவும் வரியை எடுக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். இந்த வகைக் கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். இடம் மாற்றிப் படித்த பிறகும் இரண்டு விடைகள் நின்றால், அவற்றில் ஒன்று பெரும்பாலும் எல்லை மீறியதாக இருக்கும். 'எல்லா', 'மட்டுமே', 'ஒருபோதும்' போன்ற சொல் எதில் கூடுதலாக ஏறியிருக்கிறது என்று பார்த்து அதைத் தள்ளுங்கள். அப்போதும் தீரவில்லை என்றால் ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கிளாட்டில் ஒவ்வொரு தவறுக்கும் 0.25 குறையும் என்பதால், அங்கே இரண்டில் ஒன்று என்ற நிலை வரை வந்திருந்தால் மட்டும் துணிந்து குறியுங்கள்.